கொசுவம் இருக்கப் பிளீட்டு எதற்கு?

(பல்லாவரத்தில் ஆற்றிய உரை)



1916-ஆம் ஆண்டில் தனித்தமிழ்க் கொள்கையை மேற்கொண்டு, வேதாசலம் என்னும் தம் பெயரையே மறைமலை என மாற்றிக்கொண்ட அடிகளார் வாழ்ந்த ஊர் இது. இவ்வூரில் நின்று ஒரு சிறு சொல்லைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

புடைவையை மடிப்பு வைத்துத் தேய்த்துத் தருவது சென்னையில் இன்று ஒரு தனித்தொழில். தொழில் வாழட்டும். ஆனால் அதற்குப் பெயர் 'பிரீ பிளீட்டிங்'காம்! உடுப்பவள் தமிழச்சி, உடுப்பது புடைவை, மடிப்பு மட்டும் ஆங்கிலமா?

பிளீட்டு என்பது, மடித்தலைக் குறிக்கும் 'பிளிக்காரே' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்து, பழம் பிரெஞ்சின் வாயிலாக ஆங்கிலத்திற் புகுந்தது. டூப்ளிகேட்டு, மல்டிப்ளை, ரிப்ளை யாவும் அதே வேரின் கிளைகளே. இதனையும் தமிழினின்று பிறந்ததென நிறுவ முயல்வார் நம்மிடையே இருக்கலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்கள் சொல் அவர்களுடையதாகவே இருக்கட்டும். நம் சொல் நம் நாவில் இருக்கிறதா என்பதே என் வினா.

பூவைக் கொய்கிறோம். துணியை விரல்களாற் சேர்த்துச் சேர்த்து மடிப்பதும் நம் முன்னோர்க்குக் கொய்தலே. அங்ஙனம் கொய்து இடையிற் செருகுவது கொய்சகம். அதுவே மக்கள் வாயிற் கொசுவம் ஆயிற்று. செயலைக் கண்முன் நிறுத்தும் சொல் அது. பிளீட்டு நமக்கு என்ன காட்டுகிறது?

கொசுவம் மட்டுமா? ஆடையை மடித்துச் செருகிப் பணம் முடிந்துவைக்கும் இடம் மடி. குழந்தை அமர்வதும் மடி. சோம்பலும் மடி, அதனை விலக்கவே வள்ளுவர் 'மடியின்மை' என ஓர் அதிகாரம் வகுத்தார். தோலின் சுருக்கம் திரை. கடலின் அலையும் திரை. செய்யுளிற் சொல் மீண்டும் வந்து வேறு பொருள் தரின் அது மடக்கு. இருமடங்கு, மும்மடங்கு என்று எண்ணுகிறோமே, அதிலும் மடிப்பே உள்ளது. ஆங்கிலத்தானும் 'டூ ஃபோல்டு' என மடிப்பைக் கொண்டே பெருக்கத்தைச் சொல்கிறான். இஃது ஒத்த எண்ணம்; கடன் அன்று.

கொசுவம் என்னும் சொல்லைப் பாட்டியர் இன்னும் ஆள்கின்றனர். பேத்தியர் பலர்க்கு அது தெரியவில்லை. இடையில் ஒரு தலைமுறைதான் உள்ளது, தாய்மார்களே! நீங்கள் தாம் அது.

அடுத்த முறை தையற்கடைக்குச் செல்லும்போது, "பாவாடைக்குக் கொசுவம் வைத்துத் தையுங்கள்" என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால், முன்றானையை இரு விரலாற் கொய்து காட்டுங்கள்.