பெய்ஸ்லியில் பிறந்து சென்னையில் நிமிர்ந்தவர்

இன்று கோப்பையை வென்ற தம்பிகளே, இறுதி வரை போராடித் தோற்ற தம்பிகளே, மைதானத்தைச் சுற்றி நிற்கும் ஜோலார்பேட்டை மக்களே!

நான் இன்று ஒரே ஒரு மனிதரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பெயர் ஓவன் கோய்ல். ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற நெசவாளர் ஊரில் 1966-இல் பிறந்தவர். நம் தாய்மார்களின் புடவைக் கரையில் இருக்கிறதே மாங்காய் டிசைன், அதை மேல்நாட்டார் அந்த ஊர்ப் பெயரால்தான் அழைக்கிறார்கள். காஷ்மீர் சால்வையைப் பார்த்து அந்த ஊர் நெசவாளர்கள் நெய்தது!

கோய்ல் கால்பந்தில் முன்கள ஆட்டக்காரர். 1994-இல் போல்டன் அணிக்காக ஆடி, ஆர்சனலை அதன் சொந்த மைதானத்திலேயே வீழ்த்திய ஆட்டத்தில் கோல் அடித்தார். பூட்ஸைக் கழற்றிய பிறகு மேலாளர் ஆனார். 2009-இல் பர்ன்லி என்ற சின்ன ஊர் அணியை 33 ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தின் முதல் டிவிஷனுக்குக் கொண்டுபோனார். சில மாதங்களில் அதே அணி மான்செஸ்டர் யுனைடெட்டைத் தோற்கடித்தது.

பிறகு சறுக்கல். போல்டனில் பதவி போனது. விகனில் ஆறு மாதம்கூட நிற்கவில்லை. பிளாக்பர்னிலும் போனது.

அப்படிப்பட்டவர் 2019 டிசம்பரில், 53 வயதில், நம் சென்னையின் எஃப்சி அணிக்கு வந்தார். ஆறு ஆட்டங்களில் ஒரே வெற்றி கண்டு துவண்டு கிடந்த அணி அது. ஏற்கெனவே இருந்த பையன்களை நம்பினார். தாப்பாவுக்கும் சாங்டேவுக்கும் முன்னேறி ஆடச் சுதந்திரம் தந்தார். அந்த சீசன் லீக்கில் அணி அரையிறுதிக்கு வந்தது. அதன் முதல் ஆட்டம், நேரு ஸ்டேடியம், எதிரே கோவா: நான்குக்கு ஒன்று! அந்த இருவருமே கோல் அடித்தார்கள். கொரோனா பயத்தில் காலியாகக் கிடந்த அரங்கில் நடந்த இறுதிப் போட்டியில் கொல்கத்தாவின் ஏடிகேயிடம் தோற்றோம். ஆனாலும் ஆட்டக்காரர்களை மாற்றாமலேயே ஓர் அணியை மாற்றிக் காட்டினார் அவர். 2022-இல் ஜாம்ஷெட்பூர் அணிக்கு லீக் ஷீல்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, 2023-இல் மறுபடியும் சென்னைக்கே வந்தார்.

நம் ஊருக்கு வருவோம். ஆம்பூர் கம்பெனியில் நாளெல்லாம் ஷூவுக்கு அப்பர் தைக்கும் தாயின் பிள்ளை, இங்கே வெறுங்காலில் பந்தை உதைக்கிறான். கால் விரல் நகம் பெயர்ந்தாலும் துணியைச் சுற்றிக்கொண்டு திரும்ப இறங்குகிறான். திறமைக்குப் பஞ்சமே இல்லை. சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

ரயில்வேயில் விளையாட்டுக் கோட்டாவில் வேலை வாங்கி ஓய்வுபெற்ற அண்ணன்மாரைக் கைகூப்பிக் கேட்கிறேன்: உங்கள் ஆட்டம் முடியவில்லை. பயிற்சியாளர் உரிமம் எடுங்கள், மாலையில் இரண்டு மணி நேரம் கொடுங்கள். நகராட்சியாரே, இந்த மைதானத்துக்கு விளக்குப் போட்டுத் தாருங்கள். அடுத்த ஆண்டு கோப்பை வழங்கும்போது, அந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சியாளரும் நிற்க வேண்டும்.