டின் பாலும் தாயின் சுரப்பும்

சிங்கப்பூரின் தெம்பனிஸ் வட்டாரம் இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த பெரிய நகரம். அந்த வீடுகள் எழும்புவதற்கு முன் அங்கே ரப்பர் மரங்கள் நின்றன. மணல் தோண்டும் இடங்கள் இருந்தன. அன்றைய தோட்டத்து வீட்டிலும் இன்றைய அடுக்குமாடி வீட்டிலும் மாறாத பொருள் ஒன்று உண்டு. அதுதான் தேத்தண்ணிக்கு ஊற்றும் டின் பால்.

பால் குடித்தால் ஹார்மோன் கூடுமா, பெண் பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வந்துவிடுவார்களா என்று தாய்மார்கள் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தாய்ப்பால், பசும்பால், டின் பால் மூன்றும் ஒன்றல்ல. ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஹார்மோன் என்பது நம் உடம்பிலுள்ள சுரப்பிகள் இரத்தத்தில் விடும் நீர். ஆபீசில் பிறக்கும் உத்தரவைக் காட்டில் வேலை செய்பவர்களிடம் கொண்டு சேர்க்கும் கங்காணியைப் போல, அது ஓரிடத்தில் பிறந்து வேறோர் இடத்தில் வேலை வாங்குகிறது.

முதலில் தாய்ப்பால். குழந்தை மார்பில் வாய் வைத்துச் சப்பியதும் தாயின் மூளைக்குச் செய்தி போகிறது. உடனே இரண்டு ஹார்மோன்கள் புறப்படுகின்றன. புரோலாக்டின் பாலை ஊற வைக்கிறது. ஆக்சிடோசின் ஊறிய பாலை வெளியே தள்ளுகிறது. பிரசவித்த தாயின் கருப்பை சுருங்கவும் இரத்தப்போக்கு குறையவும் ஆக்சிடோசின் உதவுகிறது. முறையாக வெட்டி வரும் ரப்பர் மரத்தில் பால் ஊறிக்கொண்டே இருப்பது நமக்குத் தெரிந்ததுதானே! தாயின் மார்பும் அப்படித்தான். குழந்தை குடிக்கக் குடிக்கப் பால் ஊறும். இடையில் புட்டிப் பாலைக் கொடுத்தால் குழந்தை சப்புவது குறையும், செய்தி குறையும், சுரப்பும் குறையும். "எனக்குப் பால் போதவில்லை" என்று சொல்லும் தாய்மார் பலருக்குக் குறை தொடங்குவது இங்கேதான்.

அந்தக் காலத்தில் விடியுமுன் பால் வெட்டப் போன தாய்மார்கள் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றார்கள். டின் பாலைத் தண்ணீரில் கரைத்துப் புட்டியில் கொடுப்பது பலருக்கு எளிதாகத் தோன்றியது. விற்பனைக்காரர்களும் அதைக் குழந்தைக்கு உகந்த உணவென்று சொல்லி விற்றார்கள்.

இதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார். ஜமைக்காவில் பிறந்த இவர், ஆப்பிரிக்காவில் பால் மறந்த குழந்தைகளுக்குப் புரதக் குறைவால் வரும் குவாஷியோர்கர் நோயை 1930களில் மருத்துவ உலகுக்கு விளக்கியவர். பின்னர் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பணியாற்றினார். 1939ஆம் ஆண்டு சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரைக்கு வைத்த பெயர் 'பாலும் கொலையும்'. இனிப்பு டின் பாலைக் குழந்தை உணவென்று பரப்புவதால் நேரும் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்றார். 1981இல் தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை விற்பதற்கு உலகச் சுகாதாரச் சபை நெறிமுறை வகுத்தது. அவர் பேசி 42 ஆண்டுகள் ஆகியிருந்தன.

டின் பாலில் என்ன கேடு? அதில் பாதிக்குப் பக்கம் சர்க்கரை. இப்போது விற்கும் பல டின்களில் பால் கொழுப்புக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெய் சேர்ந்திருக்கிறது. தண்ணீர் விட்டுக் கரைத்தால் இனிப்பு இருக்கும். குழந்தை வளரத் தேவையான சத்து இருக்காது.

அடுத்து பசும்பால். பசுவின் ஹார்மோன்கள் பாலில் சிறிதளவு இருப்பது உண்மை. ஆனால் அவற்றில் பல நம் வயிற்றில் செரித்துவிடும். மற்றவற்றில் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். பால் குடிக்கும் பிள்ளைகளின் இரத்தத்தில் வளர்ச்சியைத் தூண்டும் பொருள் ஒன்று சற்றுக் கூடுகிறது. அது உயரம் வளர்வதோடு தொடர்புடையது. பெண் பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வருவதில் மிகுந்த உடற்பருமனுக்கே பெரும் பங்கு உண்டு. அதற்காக ஒரு டம்ளர் பாலைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அந்த ஒரு டம்ளரில் எலும்புக்கு வேண்டிய கால்சியம் சுமார் 300 மில்லிகிராம் கிடைக்கிறது. பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்கள் தயிர், மோர் சாப்பிடலாம். நெத்திலி, கேழ்வரகு, முருங்கைக்கீரை ஆகியவற்றிலும் கால்சியம் உண்டு.

அப்படியானால் நம் ஹார்மோனை உண்மையில் ஆட்டி வைப்பது எது? தேத்தண்ணியில் ஊற்றும் டின் பாலின் சர்க்கரைதான். சர்க்கரை இரத்தத்தில் ஏறும்போதெல்லாம் கணையம் இன்சுலின் என்னும் ஹார்மோனைச் சுரந்தாக வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி டின் பாலில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. நாளொன்றுக்கு மூன்று குவளை குடித்தால், பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் 50 கிராம் எல்லையைத் தாண்டிவிடுகிறோம். இப்படியே போனால் உடல் பருத்து, இன்சுலின் சொன்னதை உடம்பு கேட்காமற் போகும், நீரிழிவு வரும். சிங்கப்பூரில் சீனரைவிட இந்தியரிடையே இந்நோய் அதிகம். 2016இல் அந்நாட்டு அரசு நீரிழிவுக்கு எதிராகப் போரே அறிவித்தது.

ஆகவே நாம் செய்யக்கூடியவை இவை. முதல் ஆறு மாதம் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுப்போம். வேலைக்குப் போகும் தாய், கையைக் கழுவிப் பாலைப் பிழிந்து சுத்தமான பாத்திரத்தில் மூடி வைத்தால், குளிர்பெட்டியில் நான்கு நாள் வரை கெடாது. தாய்ப்பால் கொடுக்கவே முடியாதபோது கிளினிக்கில் கேட்டுக் குழந்தைகளுக்குரிய மாவுப்பாலைச் சொன்ன அளவில் கரைத்துக் கொடுக்கலாம். டின் பால் வேண்டாம். ஒரு வயது நிறையும்வரை பசும்பாலையும் முக்கிய உணவாக்க வேண்டாம். பெரியவர்கள் தேத்தண்ணியில் டின் பாலை இன்று ஒரு கரண்டி குறைக்கலாம். கடையில் 'தே ஓ கொசோங்' என்று கேட்டால் பாலும் சர்க்கரையும் இல்லாத தேத்தண்ணி கிடைக்கும். 'தே சி கொசோங்' என்றால் இனிப்பில்லாத பால் சேர்ப்பார்கள். முதல் வாரம் கசக்கும். பிறகு நாக்கு பழகிவிடும்.