ஆட்டமும் ஆயுளும்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழா உரை)



பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடுகிறது. காப்பில் தொடங்கும் அது, ஆண்பாற் பிள்ளைத்தமிழாயின் சிறுதேர் உருட்டுவதோடும், பெண்பாற் பிள்ளைத்தமிழாயின் ஊசலாடுவதோடும் நிறைவுறும். பத்து ஆண்டுகளைக் கடந்துள்ள இவ்வட்டமும் சப்பாணி கொட்டி, நடைபயின்று, இன்று தன் தேரைத் தானே இழுக்கும் பருவத்தை எய்தியிருக்கிறது. உலா இலக்கியமோ பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவங்களைக் காட்டுகிறது. ஆனால், பேரிளம்பெண்ணுக்கு இலக்கண நூலார் வகுத்த மேல் எல்லை 40 வயது. நாற்பதைக் கடந்தவருக்குப் பருவமே இல்லையா? சிற்றிலக்கியங்கள் பாடாமல் விட்ட அந்த நெடுந்தொலைவையும் சேர்த்து அளக்க, இக்காலத் தமிழர் தெருத்தோறும் அறிந்த ஒரு விளையாட்டு உவமையாக வந்து நிற்கிறது. அதுவே கிரிக்கெட்.

உவமை தோன்றும் வகைகள் வினை, பயன், மெய், உரு என நான்கு என்பது தொல்காப்பியரின் கொள்கை. உவமையாக வரும் பொருள் உயர்ந்ததாக இருத்தல் வேண்டும் என்பதும் அவர் வகுத்ததே. வாழ்க்கையைக் கிரிக்கெட்டோடு ஒப்பிடுவோர் பெரும்பாலும் உருவோடு நின்றுவிடுகின்றனர். பிறப்பு என்பது களம் புகுதல். இறப்பு என்பது ஆட்டமிழத்தல். விரலை உயர்த்தும் நடுவர் இறைவன். எளிதில் கிடைக்கும் இவ்வொப்புமையில் ஒரு தடை எழுகிறது. விளையாட்டு வாழ்க்கையினும் உயர்ந்ததா? அன்று எனில் உவமை எவ்வாறு நிற்கும்? விடை காண, ஆட்டத்தின் உருவை விட்டு வினையையும் பயனையும் நோக்குதல் வேண்டும். அதற்கு ஏற்றது சில மணி நேரத்தில் முடியும் ஆட்டமன்று. ஐந்து நாள் நடைபெறும் டெஸ்ட் ஆட்டமே.

முதல் நாள் காலை ஆடுகளத்தில் ஈரம் இருக்கும். பளபளப்புக் குலையாத புதுப்பந்து காற்றில் வளையும். தரையில் பட்டுச் சீறும். அதனை எதிர்கொள்ளத் தொடக்க ஆட்டக்காரர் இருவர் இறங்குவர். ஓட்டம் குவிப்பது மட்டுமே அவர்தம் பணியன்று. பந்தின் கூர்மையை மழுக்கித் தருவதும் அவர்தம் பணியே. பந்து தேய்ந்தபின் வருபவர் எல்லைக்கோட்டுக்கு விரட்டும் ஒவ்வோர் அடியிலும், முன்னவர் விலாவிலும் விரலிலும் வாங்கிய அடிகள் மறைந்திருக்கும். ஓட்டக் குறிப்பேட்டில் அக்கணக்கு ஏறுவதில்லை. குழந்தைப் பருவத்தின் கதையும் இதுவே. தாயும் தந்தையும் முதலில் இறங்கித் தேய்த்துக் கொடுத்த பந்தைத்தான் பிள்ளைகள் ஆடுகின்றனர். ஆடுபவர் பலரும் அப்பந்து பிறந்தபோதே மென்மையாயிருந்தது என்று எண்ணிக்கொள்கின்றனர்.

இளமையில் இடர்கள் விரைந்து வருகின்றன. தேர்வு, வேலை, காதல், கடன் என ஒன்றன்பின் ஒன்றாக வேகப்பந்துகள். சிந்திக்க நேரமில்லை, துணிவு ஒன்றே துணை. அப்பருவத்தில் வீழ்பவர் பலர். வீழ்ந்தவுடன் வாழ்வே முடிந்தது என்று மயங்குபவரும் பலர். டெஸ்ட் ஆட்டத்திலோ ஓரணிக்கு இரண்டு இன்னிங்ஸ் உண்டு. 2001 மார்ச்சில் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் நிகழ்ந்ததை இங்கு நினைவுகூர வேண்டும். ஆஸ்திரேலியா 445 ஓட்டங்கள் எடுத்தது. இந்தியா 171 ஓட்டங்களில் சுருண்டது. 274 ஓட்டங்கள் பின்தங்கிய இந்தியாவை உடனே மீண்டும் ஆடுமாறு ஆஸ்திரேலியா பணித்தது. ஃபாலோ ஆன் எனப்படும் அது, தோற்றவனைத் தோல்வி உலரும் முன்பே மறுபடி களத்தில் நிறுத்தும் தண்டனை. அத்தண்டனையே அன்று வாய்ப்பாயிற்று. லட்சுமணன் 281 ஓட்டங்களும் திராவிட் 180 ஓட்டங்களும் குவித்தனர். நான்காம் நாள் முழுவதும் ஒரு விக்கெட்டும் விழவில்லை. ஐந்தாம் நாள் இந்தியா 171 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வென்றது. முதல் இன்னிங்ஸில் அவமானமாக நின்ற அதே எண், முடிவில் வெற்றியின் அளவாக வந்து நின்றது.

அவ்வெற்றிக்குள் நடு வயதுக்குரிய பாடம் ஒன்று இருக்கிறது. முதல் இன்னிங்ஸில் மூன்றாம் இடத்தில் ஆடியவர் திராவிட். ஆறாம் இடத்தில் ஆடியவர் லட்சுமணன். இரண்டாம் இன்னிங்ஸில் அவ்விடங்கள் மாற்றப்பட்டன. தமக்குரிய இடத்தை இளைஞர் ஒருவருக்கு விட்டுக் கீழிறங்குவது எவருக்கும் எளிதன்று. இறங்கி வந்த ஆறாம் இடத்திலிருந்தே திராவிட் அந்த 180 ஓட்டங்களை எடுத்தார். இருவரும் ஐந்தாம் விக்கெட்டுக்குச் சேர்த்தவை 376 ஓட்டங்கள். இணைந்து ஆடும்போது பாதி நேரம் ஒருவர் பந்தைச் சந்திப்பதில்லை; மறுமுனையில் நிற்கிறார். ஆனால், பிறர் அடித்த பந்துக்கும் அவர் ஓடியாக வேண்டும். ஒருவர் ஓடி, மற்றவர் நின்றால் இருவரில் ஒருவர் வீழ்வர். இல்லறம் என்று முன்னோர் கூறியதற்கு இதனினும் நெருங்கிய விளையாட்டு உவமை கிடைப்பதரிது.

நாள்கள் செல்லச் செல்ல ஆடுகளம் உலர்கிறது, வெடிக்கிறது. காலணித் தடங்கள் பள்ளங்களாகின்றன. இப்போது சுழற்பந்து வீச்சாளர் வருகிறார். பந்து மெதுவாக வருகிறது. ஆனால் விழுந்த இடத்திலிருந்து எத்திசையில் திரும்பும் என்பது தெரிவதில்லை. முதுமையின் இடர்களும் அத்தகையவை. அவை விரைந்து தாக்குவதில்லை. மெல்ல வந்து திரும்புகின்றன. மூட்டு நோவு, மங்கும் பார்வை, நண்பரின் மறைவு, மக்களின் மௌனம். இளமையின் துணிவு இங்கு உதவாது. பந்தைக் கடைசிக் கணம்வரை பார்த்து ஆடும் பொறுமையே உதவும்.

புறநானூற்றின் 243ஆம் பாட்டில் ஒரு முதியவர் தோன்றுகிறார். தண்டூன்றி நடக்கும் அவர், இருமலுக்கிடையே சில சொற்களைப் பேசி, ஆழமான நீரில் குதித்து அடிமணலை அள்ளி வந்த தம் இளமை விளையாட்டை எண்ணி ஏங்குகிறார். அத்தண்டின் பெயராலேயே அப்புலவர் தொடித்தலை விழுத்தண்டினார் என வழங்கப்படுகிறார். ஆட்டமிழந்து அரங்கில் அமர்ந்திருப்பவரின் ஏக்கம் அது. ஆயினும் அந்த ஏக்கத்திலிருந்து பிறந்த பாட்டு ஈராயிரம் ஆண்டுகளாக நிற்கிறது. அதனையும் அவர் எடுத்த ஓட்டமாகவே கொள்ளல் வேண்டும்.

மாலை மங்கும் வேளையில் விக்கெட் விழுமாயின், சிறந்த ஆட்டக்காரரைக் காக்கும்பொருட்டு மட்டைத் திறம் குறைந்த ஒருவரை அனுப்புவர். அவரை இரவுக் காவலர் என்பர். 2006 ஏப்ரலில் வங்கதேசத்தின் சிட்டகாங்கில் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் ஜேசன் கில்லெஸ்பி அவ்வாறு அனுப்பப்பட்டார். காவலுக்குச் சென்றவர் ஆட்டமிழக்காமல் 201 ஓட்டங்கள் எடுத்தார். இரட்டைச் சதம் நிறைவுற்ற நாள் அவருடைய 31ஆம் பிறந்தநாள். அதுவே அவருடைய கடைசி டெஸ்ட் ஆட்டமாகவும் அமைந்தது. முடிவை நெருங்கியவரிடமிருந்து இனி என்ன வரப்போகிறது என்று கேட்போருக்கு இதுவே மறுமொழி.

அவ்வாறாயின், முடிவே இல்லாத ஆட்டம் இனிக்குமா? அதனையும் மனிதர் ஆடிப் பார்த்தனர். 1939ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இங்கிலாந்து அணி காலவரையற்ற டெஸ்ட் ஒன்றில் ஆடியது. வெற்றி தோல்வி காணும்வரை ஆடுவது என்பது விதி. மார்ச் 3 அன்று தொடங்கிய ஆட்டம் மார்ச் 14 வரை நீண்டது. 696 ஓட்டங்கள் என்ற இலக்கை நோக்கி இங்கிலாந்து 5 விக்கெட் இழப்புக்கு 654 எடுத்திருந்தபோது மழை வந்தது. ஊர் திரும்பும் கப்பலைப் பிடிக்க வேண்டியிருந்ததால், 42 ஓட்டங்கள் எஞ்சியிருக்க ஆட்டம் கைவிடப்பட்டது. அதன்பின் காலவரையற்ற டெஸ்ட் வழக்கொழிந்தது. எல்லை வகுக்காத ஆட்டத்துக்கும் ஒரு கப்பல் காத்திருக்கிறது. கணக்கு நேராகாமலே களம் நீங்குவதுதான் பெரியோர்க்கும் வாய்த்தது. 1948இல் ஓவல் மைதானத்தில் பிராட்மன் தம் கடைசி டெஸ்டில் இறங்கியபோது, எதிரணியினரே வாழ்த்தொலி எழுப்பி வரவேற்றனர். நான்கு ஓட்டங்கள் எடுத்திருந்தால் அவர் சராசரி 100 ஆகியிருக்கும். இரண்டாம் பந்திலேயே ஓட்டமின்றி வீழ்ந்தார். 99.94 என்ற எண் நின்றது. அக்குறையே அவ்வெண்ணை எவரும் மறவாதபடி செய்தது.

இப்போது தொடக்கத்தில் எழுந்த தடைக்கு வருதல் தகும். விளையாட்டு எவ்வகையில் வாழ்க்கையினும் உயர்ந்தது? ஆட்டமிழந்தவரை ஆட்டம் அணியிலிருந்து விலக்குவதில்லை. மட்டையை வைத்தவர் பந்து வீசுகிறார், பந்தைத் தடுக்கிறார், உள்ளே செல்லும் இளையவரிடம் ஆடுகளம் எப்படி என்று ஒரு சொல் கூறுகிறார். வாழ்க்கையிலோ பணி ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து தந்தையிடம் வீட்டில் எவரும் கருத்துக் கேட்பதில்லை. கூடத்துக் கட்டில் பின்கட்டுக்குப் போகிறது. நூல் வெளியிட்டு நெடுநாளான கவிஞரின் பெயர் அழைப்பிதழிலிருந்து மெல்ல நழுவுகிறது. ஆட்டமிழந்தவர் ஆட்டத்துக்கே அயலார் என்னும் தீர்ப்பை நடுவர் வழங்கவில்லை; உடன் ஆடுபவரே வழங்குகின்றனர்.

1999 ஜனவரி 31 அன்று சென்னைச் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானிடம் இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றது. 271 ஓட்டங்கள் என்ற இலக்கில், முதுகுவலியோடு 136 ஓட்டங்கள் எடுத்த டெண்டுல்கர் வெளியேறியபோது தேவைப்பட்டவை 17 மட்டுமே. எஞ்சிய விக்கெட்டுகள் நான்கே ஓட்டங்களுக்குள் வீழ்ந்தன. அரங்கம் முதலில் வாயடைத்தது. பின்னர் எழுந்து நின்று, வென்ற எதிரணியைக் கைதட்டி வாழ்த்தியது. மைதானத்தைச் சுற்றி வந்து அவ்வணியினர் அவ்வாழ்த்தை ஏற்றனர். அன்று சேப்பாக்கத்தில் மட்டை பிடிக்காதவர்களும் ஆட்டத்தைப் பெரிதாக்கினர்.

கவிஞர் பெருமக்களே, வாழ்க்கைக்கு விளையாட்டு உவமையாகத் தகுவது அந்த எழுந்து நிற்கும் வினையால்தான். படியேறித் திரும்புபவர் சதம் அடித்தவராயினும், ஓட்டமின்றி வீழ்ந்தவராயினும், அவருக்காக எழுந்து நிற்கும் அவையாக இவ்வட்டம் அடுத்த பத்தாண்டுகளிலும் விளங்குக. இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர் தேய்த்துக் கொடுத்த பந்தைத்தான் பின்வரிசை இளைஞர் ஆடப்போகின்றனர்.