சாட்சியும் பெயரும்



பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தில் ‘குரலற்றோரின் குரலாக விளங்குவதே கவிதை’ என்னும் கருத்து பலமுறை ஒலித்துள்ளது. அக்கருத்தை மேரி எல்லன் பிளெசன்ட் என்னும் கறுப்பினப் பெண்மணியின் வாழ்வோடு பொருத்திப் பார்க்க விழைகிறேன்.

பொன்வேட்டைக் காலமாகிய 1852-இல் அவர் சான் பிரான்சிஸ்கோ நகரை அடைந்தார். செல்வர் இல்லங்களில் சமைத்தார். சலவையகங்களும் தங்கும் விடுதிகளும் நடத்தினார். வங்கியாளர் தாமஸ் பெல்லுடன் இணைந்து முதலீடு செய்து பெரும்பொருள் ஈட்டினார். அப்பொருள் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தோருக்குத் துணையாயிற்று. 1859-இல் ஹார்ப்பர்ஸ் ஃபெரி படைக்கலச் சாலையைத் தாக்கித் தூக்கிலேறிய ஜான் பிரௌனுக்குத் தாம் 30,000 டாலர் வழங்கியதாக முதுமையில் அவரே கூறினார்.

அந்நாளைய கலிபோர்னியாவில் வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பர் கூறும் சாட்சி செல்லாது. கண்ணெதிரே கொள்ளை நடப்பினும் கண்டவர் சொல் நீதிமன்ற வாயிலிலேயே நின்றுவிடும். கறுப்பின மக்கள் மாநாடு கூட்டியும் விண்ணப்பம் எழுதியும் போராடியதன் பயனாக 1863-இல் அத்தடை அவர்களுக்கு நீங்கியது. சீனருக்கும் அமெரிக்கத் தொல்குடியினருக்கும் அப்போதும் நீங்கவில்லை.

1866-இல் நகரத் தெருவண்டி ஒன்று பிளெசன்டை ஏற்ற மறுத்தது. அவர் வழக்குத் தொடுத்தார். கீழ்மன்றம் 500 டாலர் இழப்பீடு வழங்கியது. 1868-இல் மாநில உச்ச நீதிமன்றம், தீய நோக்கத்துக்குச் சான்றில்லை என்றுரைத்து அத்தீர்ப்பை நீக்கியது. அவர் சொல் மன்றம் ஏறியது. அவர் பட்ட அவமதிப்பு எடை பெறவில்லை.

செய்தித்தாள்கள் அவரை ‘மேமி’ என்றே எழுதின. வெள்ளையர் வீட்டுக் கறுப்பினப் பணிப்பெண்ணைக் குறிக்கும் சொல் அது. அவ்வாறு அழைக்கப்படுவதை அவர் வெறுத்தார்; வெளிப்படையாக மறுத்தும் உரைத்தார். அச்சுக்கூடம் கேட்கவில்லை. 1892-இல் பெல் இறந்தபின், சூனியக்காரி என்னும் பழியும் சேர்ந்தது. வழக்குகளிலே செல்வம் கரைந்தது. 1904-இல் அவர் மறைந்தார். நாபா நகரில் உள்ள அவரது கல்லறைக்கல், அவர் விரும்பியவாறே, அவரை ஜான் பிரௌனின் தோழி என்கிறது.

அன்பர்களே, இவரைக் குரலற்றவர் என்று எவ்வாறு கூறுவோம்? வாய் திறந்து பேசினார், வழக்காடினார், தம் பெயர் எதுவென்றும் எடுத்துரைத்தார். குறை, கேட்க மறுத்த செவிகளுடையது. ஒடுக்கப்பட்டோருக்காகப் பாட எழுதுகோல் எடுக்குமுன், அவர்கள் முன்னமே சொல்லியிருப்பது யாது என்று தேடிப் படிப்பது கவிஞரின் முதற்கடன். இரவல் குரல் தருவதினும் அவர்தம் சாட்சியத்துக்கு இடம் தருவது அரிய பணி. வட்டத்தின் அடுத்த பத்தாண்டு அப்பணியை மேற்கொள்ளுமாக!