மார்ச் 12: முழுமை பெறாத விடுதலை

(படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாள்தோறும் நாட்காட்டித் தாளைக் கிழிக்கிறோம்; கீழே போடுகிறோம். அந்தத் தாளிலே ஒரு நாட்டாரின் களிப்பும் இருக்கலாம், கண்ணீரும் இருக்கலாம் என்று எண்ணுவதில்லை. இந்தியப் பெருங்கடலிலே மொரீசு என்றொரு தீவு. கரும்புத் தோட்டம் செழிக்கக் கங்கைக் கரையினரும் தமிழகத்தாரும் கப்பலேறிச் சென்ற தீவு. அந்நாட்டார் நெஞ்சிலே தைத்து வைத்திருக்கும் தாள், மார்ச் 12!

1930இல் அதே நாளில்தான் சபர்மதியிலிருந்து காந்தியார் உப்பெடுக்கப் புறப்பட்டார். ஒரு பிடி உப்பு ஒரு பேரரசை உலுக்கிற்று! அதன் நினைவாகவே 1968 மார்ச் 12ஐ விடுதலை நாளாகத் தேர்ந்தனர் மொரீசுத் தலைவர்கள். போர்ட் லூயி நகரின் குதிரைப் பந்தயத் திடலிலே, உச்சி வேளையில், பிரிட்டிஷ் கொடி இறங்கிற்று. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என நால்வண்ணக் கொடி ஏறிற்று. சர் சிவசாகர் ராம்கூலம் பிரதமராக வீற்றிருந்தார். 1992இல் மீண்டும் ஒரு மார்ச் 12! அரசியாரின் தலைமை அகன்றது, குடியரசு மலர்ந்தது. முதற் குடியரசுத் தலைவர் யார்? தமிழ் வழிவந்த வீராசாமி ரிங்காடு!

களிப்புத்தான், தோழர்களே! ஆனால், 1968இல் ஏறிய அந்தக் கொடியின் நிழல் படாத தீவுகளும் இருந்தன. அவைதாம் சாகோசுத் தீவுகள். விடுதலை தருமுன்பே, 1965 நவம்பர் 8இல், அவற்றை மொரீசிலிருந்து வெட்டி எடுத்துக்கொண்டது பிரிட்டன். விலை, 30 இலட்சம் பவுன்! எதற்கு? டீகோ கார்சியாவிலே அமெரிக்கப் படைத்தளம் அமைக்க! 1973க்குள் குடிமக்கள் அத்தனை பேரும் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் வளர்த்த நாய்களையும் நச்சுப் புகையிட்டுக் கொன்றனர். நிலையான குடிகளே அங்கு இல்லை என்று உலகுக்குச் சொன்னார்கள். அப்படியானால், அங்கே கல்லறையில் உறங்கும் பாட்டன்மாரெல்லாம் விருந்தாளிகளோ?

2019 பிப்ரவரி 25இல் அனைத்துலக நீதிமன்றம் கருத்துரைத்தது: மொரீசின் விடுதலை சட்டப்படி நிறைவுறவில்லை என்று! நீதிபதிகள் 13 பேர் ஒருபுறம். மறுபுறம் ஒரே ஒருவர். 2025 மே 22இல் தீவுகளைத் திருப்பித் தரும் ஒப்பந்தம் கையொப்பமாயிற்று. அதிலும் டீகோ கார்சியாவுக்கு 99 ஆண்டுக் குத்தகை! அங்கே பிறந்து விரட்டப்பட்டவர் எவரேனும் அந்தக் குத்தகை முடிவதைக் காண்பாரா?

கொடியை ஏற்ற ஒரு நாள் போதும். குடியை மீட்க எத்தனை நாளாகிறது, பாருங்கள்! விரட்டப்பட்டவன் வீடு திரும்பும் நாள் எதுவோ, அந்த நாளில்தான் மார்ச் 12 முழுமை பெறும். நாளைக் காலை தாளைக் கிழிக்குமுன் இதை எண்ணுங்கள்.