அம்மா படம் வைத்த போனில் நாம் என்ன எழுதுகிறோம்?

(புரட்சித் தலைவி அம்மா பிறந்தநாளை ஒட்டி மயிலாப்பூரில் நடந்த மகளிர் அணிக் கூட்டத்தில், மூத்த சகோதரி ஒருவர் ஆற்றிய உரை. கொஞ்சம் நீளம்தான். கடைசி வரை படியுங்கள். குறிப்பாக ஐ.டி. விங் தம்பிகள் படியுங்கள்.)



எனக்கு மேடைப் பேச்சு அவ்வளவாக வராது. மந்தைவெளியில தையல் கடை வச்சிருக்கேன். 1991 தேர்தல்ல பூத் சீட்டு எழுத உட்கார்ந்தவ, இன்னும் எழுந்திருக்கலை. அதனால மனசுல இருக்கறதை அப்படியே சொல்றேன்.

போன மாசம் எங்க தெருப் பையன் ஒருத்தன் கடைக்கு வந்தான். நம்ம பையன். அம்மா பிறந்தநாள்னா முதல் ஆளா தோரணம் கட்டுறவன். "அக்கா, இதைப் பாருங்களேன்"னு சிரிச்சுக்கிட்டே போனை நீட்டினான். வேற கட்சியில இருக்கிற ஒரு பெண்ணோட படம். அதை வெட்டி ஒட்டி, கீழே ஒரு வரி எழுதியிருந்தாங்க. அந்த வரியை இந்த மேடையில என் வாயால சொல்ல முடியாது. "யாருடா எழுதினது?"ன்னேன். "நான்தான்க்கா"ன்னான்.

அந்தப் பதிவுக்கு மேலே, ஓரத்துல சின்ன வட்டத்துல அவனோட முகப்புப் படம் தெரிஞ்சுது. அம்மா இரட்டை விரல் காட்டிச் சிரிக்கிற படம்.

எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. அதைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

அம்மாவுக்கும் நம்ம பகுதிக்கும் உள்ள சொந்தம் அரசியலுக்கு முன்னாடியே வந்தது. படிச்சது சர்ச் பார்க் கான்வென்ட். பாண்டி பஜார் பக்கம் வீட்டில் இருந்தாங்க. 1960ல நாட்டிய அரங்கேற்றம் நடந்தது இதே மயிலாப்பூர், ரசிக ரஞ்சனி சபாவில். அப்புறம் போயஸ் தோட்டம் வேதா நிலையம். கட்சி அலுவலகம் ராயப்பேட்டை லாயிட்ஸ் ரோடு. ஆக, ஒரு வாழ்க்கையோட முக்கால் பங்கு, நாம தினமும் பஸ்ஸுல போற இந்தத் தெருக்களுக்குள்ளேயே நடந்திருக்கு.

இப்ப எல்லாரும் "இரும்புப் பெண்மணி" என்கிறாங்க. அது பிறக்கும்போதே வந்த இரும்பு இல்லை, சகோதரிகளே. ஒவ்வொரு அடியிலும் இறுகின இரும்பு. அதை நாம மறந்துட்டோம்.

1982ல கழகத்துல சேர்ந்தாங்க. அந்த வருஷம் கடலூர் மாநாட்டுல பேசினாங்க. 1983ல கொள்கை பரப்புச் செயலாளர். 1984ல மாநிலங்களவை உறுப்பினர். அங்கே அவங்களுக்குக் கொடுக்கப்பட்ட இருக்கை எண் 185, அண்ணா உட்கார்ந்த இருக்கை. அங்கே அவங்க பேசின ஆங்கிலத்தைக் கேட்டு டெல்லி திரும்பிப் பார்த்தது. ஆனா ஊர்ல என்ன பேசினாங்க? "நடிகைக்கு என்ன அரசியல் தெரியும்?"

யோசிச்சுப் பாருங்க. புரட்சித் தலைவர் நடிகர். அந்தப் பக்கம் கலைஞர் சினிமாவுக்கு வசனம் எழுதினவர். ஆம்பளைக்கு சினிமா ஏணி, பொம்பளைக்கு மட்டும் சினிமா கறை! அம்மாவுக்கு மட்டும் இல்லை. 1984ல இதே தென் சென்னைத் தொகுதியில வைஜயந்திமாலா அவங்க காங்கிரஸ் வேட்பாளரா, நம்ம கூட்டணியில நின்னாங்க. அப்பவும் இதே கேலிதான். அந்தத் தேர்தல்லயும் ஜெயிச்சாங்க, 1989லயும் ஜெயிச்சாங்க. தென் சென்னை மக்கள் அந்தக் கேலிக்கு அப்பவே பதில் சொல்லிட்டாங்க.

அடுத்தது 1987 டிசம்பர் 24. தலைவர் மறைந்த நாள். ராஜாஜி ஹாலில் தலைவர் உடலுக்குப் பக்கத்துல அம்மா நின்னாங்க. இரண்டு நாள், மொத்தம் 21 மணி நேரம்னு பத்திரிகைகள் எழுதின. தண்ணி கூட இல்லாம நின்ன அந்த நேரத்துல காலை மிதிச்சாங்க, கிள்ளினாங்க. கடைசியில இறுதி ஊர்வல வண்டியிலிருந்து கீழே தள்ளினாங்க. அதுக்கு இன்னும் போட்டோ இருக்கு. தள்ளினவங்க எதிர்க்கட்சிக்காரங்க இல்லை. இதைச் சொல்ல எனக்கும் கூச்சமா இருக்கு. ஆனா உண்மையைச் சொல்லாம அம்மா பிறந்தநாள் கொண்டாட முடியாது.

அப்ப கழகம் இரண்டா உடைஞ்சது. 1988 ஜனவரியில ஜானகி அம்மாள் முதலமைச்சர் ஆனாங்க. தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சர் அவங்கதான், 24 நாள். 1989 தேர்தல்ல அவங்க அணி தோத்தது, சேவல் சின்னத்துல நின்ன அம்மா அணி 27 இடம் ஜெயிச்சது. அதுக்குப் பிறகு ஜானகி அம்மாள் ஒதுங்கிக்கிட்டாங்க, கட்சி ஒன்று சேர்ந்தது, இரட்டை இலை திரும்ப வந்தது. லாயிட்ஸ் ரோட்டுல நாம போய் நிற்கிற தலைமைக் கழகக் கட்டடம் ஜானகி அம்மாள் கொடுத்தது. அந்த இரண்டு பெண்களையும் வச்சு மத்தவங்க எத்தனை பேச்சுப் பேசினாங்க! ஆனா கட்சியை மறுபடி ஒட்ட வச்சது அந்த இரண்டு பெண்கள்தான்.

1989 மார்ச் 25. சட்டமன்றத்துல பட்ஜெட் நாள். அம்மா எதிர்க்கட்சித் தலைவர். தமிழ்நாட்டில் அந்த நாற்காலியில உட்கார்ந்த முதல் பெண். அன்னைக்கு அவைக்குள்ள நடந்த அமளியில தன் சேலையைப் பிடிச்சு இழுத்தாங்கன்னு அம்மா வெளியே வந்து சொன்னாங்க. அந்தப் பக்கம் அதை மறுத்தாங்க, இன்னைக்கும் மறுக்கறாங்க. ஆனா தலைமுடி கலைஞ்சு அவங்க வெளியே வந்த கோலத்தைத் தமிழ்நாட்டுப் பொம்பளைங்க பார்த்தாங்க. யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கலை. முதலமைச்சராகத்தான் இனி இந்த அவைக்குள்ள வருவேன்னு சபதம் எடுத்தாங்க. 1991ல அப்படியே வந்தாங்க.

அதுக்கு அப்புறம் அம்மா தன்னைச் சுத்தி ஒரு சுவர் எழுப்பிக்கிட்டாங்க. போயஸ் தோட்டத்துக் கதவு மூடியே இருக்குன்னு குறை சொன்னாங்க. மேலங்கி போட்டா அதைப் பத்தி ஒரு பேச்சு. அதை விட்டா அதுக்கு ஒரு பேச்சு. நகை போட்டா ஒரு பேச்சு. பல வருஷம் நகையே போடாம இருந்தாங்க, அதுக்கும் ஒரு பேச்சு. கதவு திறந்திருந்த காலத்துல அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்ததுன்னு மட்டும் யாரும் கேட்கலை.

அந்தத் தூரத்தால நஷ்டமே இல்லைன்னு நான் சொல்ல வரலை. தொண்டன் சொல்ல வேண்டிய சேதி சில நேரம் அந்தச் சுவரைத் தாண்டிப் போகாம இருந்திருக்கலாம். 1995ல நடந்த அந்தக் கல்யாண ஆடம்பரத்தை மக்கள் ரசிக்கலை. 1996ல நம்மை நாலு இடத்துல நிறுத்தினாங்க, அம்மாவே பர்கூர்ல தோத்தாங்க. சொத்து வழக்கு வந்தது. 2014ல தனி நீதிமன்றம் தண்டனை கொடுத்தது, 2015ல கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது, அம்மா மறைவுக்குப் பிறகு 2017ல உச்ச நீதிமன்றம் தனி நீதிமன்றத் தீர்ப்பை மத்தவங்க விஷயத்துல உறுதி செய்தது. அம்மா மறைஞ்சுட்டதால அவங்க மீதான நடவடிக்கை அத்தோட முடிஞ்சது. எதிர்க்கட்சிக்காரங்க இதையெல்லாம் பேசுவாங்க. பேசட்டும். அது அரசியல். கணக்கு கேட்கறது, வழக்கு போடறது, ஓட்டுல தோற்கடிக்கறது எல்லாம் அரசியல். அதுக்கு நாம பதில் சொல்லலாம், பொறுத்துக்கலாம்.

ஆனா உடம்பைப் பத்திப் பேசறது அரசியல் இல்லை. சேலையைப் பத்தி, கல்யாணம் ஆச்சா ஆகலையான்னு பேசறது அரசியல் இல்லை. "செல்வி"ங்கிற ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டு எத்தனை மேடையில எத்தனை கொச்சைப் பேச்சு கேட்டோம்! நாம பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னோமே, அந்த வலி இந்தத் தம்பிகளுக்குத் தெரியாது. அப்ப பாதிப் பேர் பிறக்கவே இல்லை.

அந்தப் பேச்சுக்கு அம்மா என்ன பதில் கொடுத்தாங்க? வேலையால கொடுத்தாங்க. 1992ல தொட்டில் குழந்தைத் திட்டம். அதே வருஷம் ஆயிரம் விளக்குல முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம். வீட்டுக்காரன் அடிச்சா, ஆம்பளை போலீஸ்காரர் முன்னாடி நின்னு சொல்லக் கூச்சப்பட்ட பொம்பளைங்க, அங்கே போய் உட்கார்ந்து பேசினாங்க. 2013ல அம்மா உணவகம், ஒரு ரூபாய் இட்லி. சாந்தோமில் தொடங்கிச் சென்னை முழுக்க வந்தது. சமைச்சது சுய உதவிக் குழுப் பெண்கள். 2015ல பஸ் நிலையங்கள்ல தாய்மார்கள் பால் கொடுக்கத் தனி அறை. சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. கைக்குழந்தையோட கோயம்பேட்டுல பஸ்ஸுக்குக் காத்திருந்தவளைக் கேளுங்க.

எல்லாத்துக்கும் மேல 2016. உள்ளாட்சியில பெண்களுக்கு 50 சதவீத இடம்னு சட்டம் கொண்டு வந்தாங்க. சென்னையில 200 வார்டு. அதுல பாதி பெண்களுக்கு. அந்த நாற்காலிகள் அம்மா போட்டுக் கொடுத்தது. அதுல நம்ம கட்சிப் பெண் மட்டும் உட்காரலை, எல்லாக் கட்சிப் பெண்களும் உட்கார்ந்திருக்காங்க.

அந்தப் பெண்களைத்தான் நம்ம தம்பி வெட்டி ஒட்டி அனுப்பறான்.

2024 நாடாளுமன்றத் தேர்தல்ல தென் சென்னையில நம்மை எதிர்த்து நின்னவங்கள்ல தமிழச்சி தங்கபாண்டியன், தமிழிசை சௌந்தரராஜன் ரெண்டு பேரும் பெண்கள். அவங்க கொள்கை வேற, நம்ம கொள்கை வேற. அந்தச் சண்டையை விட்டுக் கொடுக்கச் சொல்லலை. ஆனா தமிழிசை அவங்க, தன் நிறத்தையும் தலைமுடியையும் வச்சு நெட்டுல கேலி செய்யறதைப் பத்தித் தானே பல தடவை வெளிப்படையா பேசியிருக்காங்க. ஒரு டாக்டர், மாநிலத் தலைவரா இருந்தவங்க, கவர்னரா இருந்தவங்க. அவங்களுக்கே இதுன்னா, வார்டுல புதுசா நிற்கிற ஒரு பெண்ணுக்கு என்ன நடக்கும்?

என்ன நடக்கும்னு நானே பார்த்தேன். எங்க மகளிர் அணியில ஒரு பெண் இருந்தா. நல்லாப் பேசுவா, கணக்குக் கேட்பா, குடிநீர் லாரி வரலைன்னா அலுவலகத்துல போய் நிற்பா. ஒரு தெருமுனைக் கூட்டத்துல பேசினா. மறுநாள் அவ போட்டோவுக்குக் கீழே யாரோ அசிங்கமா எழுதிச் சுத்த விட்டாங்க. அவ மாமியார் வரைக்கும் போயிடுச்சு. அதோட அவ வரலை. நாலு தடவை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். "அம்மா மாதிரி எல்லாராலயும் தாங்க முடியுமாக்கா?"ன்னு கேட்டா. என்கிட்ட பதில் இல்லை.

எல்லாரும் இரும்பா இருக்கணும்னு நாம ஏன் எதிர்பார்க்கணும்? இரும்பா இல்லாத ஒரு சாதாரணப் பெண்ணும் தைரியமா வந்து மைக்கைப் பிடிக்கணும். அதுக்குத்தானே அந்த 50 சதவீதம்?

தம்பிகளா, உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு பெண்ணைப் பத்திப் பதிவு போடறதுக்கு முன்னாடி, அவங்க பேரை எடுத்துட்டு அங்கே அம்மா பேரைப் போட்டுப் படிச்சுப் பாருங்க. "இந்தத் திட்டத்துல ஊழல், பதில் சொல்லு"ன்னு இருந்தா, தாராளமா போடுங்க. இன்னும் காரமா போடுங்க. படிக்கும்போதே உங்களுக்குக் கோபம் வந்து கை நடுங்கினா, அழிச்சுடுங்க. அது யாரைப் பத்தி எழுதினாலும் அழிச்சுடுங்க.

அந்தப் பையன் கதையை முடிச்சுடறேன். மறுநாள் அவனைக் கடைக்குக் கூப்பிட்டு, 1989 மார்ச் 25ஐப் பத்திச் சொன்னேன். அவனுக்குத் தெரியலை. சபதம் தெரியும், எதனால சபதம்னு தெரியாது. கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தான். அப்புறம் போனை எடுத்து அந்தப் பதிவை அழிச்சான். முகப்புப் படத்தை மட்டும் மாத்தலை. "அது இருக்கட்டும்க்கா, இனிமே பார்த்து எழுதறேன்"னான்.

அம்மா படம் நம்ம போன்ல இருக்கட்டும். அதுக்குக் கீழே நாம எழுதறது அவங்க படிச்சா தலை குனியாத மாதிரி இருக்கட்டும்.

அண்ணா நாமம் வாழ்க!
புரட்சித் தலைவர் எம்.ஜி.ஆர். நாமம் வாழ்க!
புரட்சித் தலைவி அம்மா நாமம் வாழ்க!