காவிரி பிறக்கும் நாடு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

லிங்கராஜபுரத்தில் சுவரோடு சுவர் ஒட்டி வாழும் நம்மிடையே, மக்கள் மிகக் குறைவாக வாழும் ஒரு நாட்டைப் பற்றிப் பேச விழைகின்றேன். அது காவிரித்தாய் பிறக்கும் குடகு.

தனி மாநிலமாக விளங்கிய குடகு, 1956 நவம்பர் 1 அன்று மைசூருடன் இணைந்து ஒரு மாவட்டமாயிற்று. அதன் பரப்பு ஏறத்தாழ 4,100 சதுர கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலை அதன் முதுகெலும்பு. தடியாண்டமோள் சிகரத்தின் உயரம் 1,748 மீட்டர். பிரம்மகிரியில் தோன்றும் காவிரியுடன் பாகமண்டலத்தில் கன்னிகையாறு கலக்கின்றது. குடகிலேயே தோன்றும் ஆரங்கியும் இலட்சுமண தீர்த்தமும் பின்னர் வந்து சேர்கின்றன.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி குடகின் மக்கள்தொகை 5,54,519. சதுர கிலோமீட்டருக்கு 135 பேர். கருநாடக மாவட்டங்களுள் இதுவே மிகக் குறைவு. பெங்களூர் நகர மாவட்டத்திலோ அதே அளவு நிலத்தில் நாலாயிரத்திற்கும் மேற்பட்டோர்! 2001 முதல் பத்தாண்டுகளில் குடகில் கூடியோர் ஆறாயிரம் பேர்கூட இலர்.

காரணம் யாது? செங்குத்தான மலை, அடர்ந்த காடு, ஓயாத பருவமழை ஆகியவை ஒருபுறம். நெருங்கிய தெருக்களாக அமையாமல், வயலையும் காப்பித் தோட்டத்தையும் ஒட்டித் தனித்தனியே வீடுகள் அமையும் மரபு மறுபுறம். இருப்புப்பாதை அங்கே இல்லை. கல்வியும் வேலையும் நாடி இளைஞர் நகரங்களுக்குச் செல்கின்றனர். குடவர், எரவர், குறும்பர் முதலியோரோடு தமிழ்த் தொழிலாளரும் அங்கு வாழ்கின்றனர். அத்தோட்டங்களில் நம்மவர் சிந்திய வியர்வையும் உண்டு.

ஆனால், அன்பர்களே, ஆள் குறைந்த நிலம் வெற்று நிலம் அன்று! அங்குள்ள காடு மழைநீரைத் தேக்கிச் சிறுகச் சிறுக ஆற்றுக்கு ஈகின்றது. தேவரகாடு என்னும் ஆயிரத்திற்கும் மேற்பட்ட தெய்வச் சோலைகளைக் கோடரி படாமல் காத்தவர்கள் அம்மக்களே. 1974 முதல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பெங்களூருக்கு ஏற்றப்படும் நீரும், தஞ்சை வயல்களில் பாயும் நீரும் அம்மழைக்குக் கடன்பட்டவை.

224 உறுப்பினர் கொண்ட சட்டமன்றத்தில் குடகுக்கு 2 இடங்களே. பெங்களூர் நகர மாவட்டத்திற்கு 28. தலையெண்ணிக்கை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் குடகின் குரல் எவர் செவியில் விழும்? 2018 ஆகஸ்டில் மலைகள் சரிந்து உயிர்களும் வீடுகளும் தோட்டங்களும் அழிந்தன. 2020இல் தலைக்காவிரியின் அருகிலேயே மலை சரிந்தது. சரிவுகளை வெட்டிச் சாலையும் விடுதியும் பெருக்குவதற்கு முன் இவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டாவா?

காவிரி நீரைப் பங்கிடுவது பற்றி இரு மாநிலத்தாரும் நெடுங்காலமாக வழக்காடி வருகின்றோம். காவிரியின் பிறப்பிடத்தைக் காப்பதில் நமக்குள் வழக்கு ஏது? கன்னட மண்ணில் வாழும் தமிழராகிய நாம் இவ்வுண்மையை இரு மொழியிலும் எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர்கள். குடகைக் காணச் செல்வோர் நன்றியுணர்வோடு செல்க. குழாயைத் திறக்கும் பிள்ளைக்கு அந்நீர் பிறந்த மலையின் பெயரைச் சொல்லித் தருக.

குடகின் காடு நிலைத்தால் காவிரி நிலைக்கும். காவிரி நிலைத்தால் நம் குடி நிலைக்கும்.